‘மறந்துட்டேன்... ஸாரி!’ - ஏ.டி.ஹெச்.டி உள்ள சக ஊழியருடன் இணைந்து வேலை செய்வது எப்படி?

கொடைக்கானலில் மே மாத சீசன். வட்டக்கானல் பக்கம் ஒரு சின்ன ஹோம் ஸ்டே, வேலைக்கு ஐந்து பேர் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் ஒருவர் கெஸ்ட்டுகளின் ஃபேவரைட். பனிமூட்டத்தில் வழி தெரியாமல் பெருமாள்மலையில் நிற்கும் குடும்பத்தை ராத்திரி பதினோரு மணிக்கு ஜீப் எடுத்துப்போய் அழைத்து வருபவர் அவர்தான். கரன்ட் போனால் முதலில் ஓடுவதும் அவர்தான். ரிவ்யூக்களில் பாதி அவர் பெயரைச் சொல்லித்தான் வரும்.

அதே ஆள்தான், போனில் வாங்கிய புக்கிங்கை நோட்டில் எழுத மறந்து ஒரே அறையை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்தவர். ‘அஞ்சு நிமிஷத்துல வர்றேன்’ என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருபவர். மீட்டிங்கில் பாதியிலேயே குறுக்கே பேசுபவர். கேட்டால், “மறந்துட்டேன்... ஸாரி!”

சீசன் முடிந்ததும் ஓனர் முன்னால் ஒரு கேள்வி நிற்கும். இவரை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா?

இது ஹோம் ஸ்டேயில் மட்டும் நடப்பதில்லை. உங்கள் ஐ.டி டீம், துணிக்கடை, ஸ்டார்ட்அப், கல்லூரி ப்ராஜெக்ட் குரூப் என எங்கேயும் இப்படி ஒருவர் இருக்கலாம். நாம் வைக்கும் பெயர் ‘சோம்பேறி’, ‘பொறுப்பில்லாதவன்’, ‘கவனமே இல்ல’. சிலரின் விஷயத்தில் உண்மையான பெயர் வேறு. அதுதான் ஏ.டி.ஹெச்.டி எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகை இயக்கக் குறைபாடு.

சின்னப் பசங்க பிரச்னை இல்லையா இது?

இல்லை. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு இதற்கு ‘ஏ.டி.டி’ என்று பெயர் வைத்தது. 1987-ல் அது ‘ஏ.டி.ஹெச்.டி’ ஆனது. பெயர் மாறியும் பழைய பெயரைச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு நோய்கள் என்று குழம்ப வேண்டாம்.

இது சிறு வயதிலேயே தொடங்கும் மூளை வளர்ச்சி சார்ந்த நிலை. வளர வளரத் துள்ளலும் ஓட்டமும் பலருக்குக் குறைந்துவிடும். ஆனால், கவனத்தைக் கட்டுப்படுத்துவதில் உள்ள சிக்கல் நிறைய பேருக்குப் பெரியவர்களான பிறகும் தொடரும். உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பெரியவர்களில் சுமார் 2.5 சதவிகிதம் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதாவது, 40 பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர். மரபுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அதனால் ‘வளர்ப்பு சரியில்லை’, ‘போன் பார்த்துப் பார்த்து வந்தது’ என்று தீர்ப்பு எழுத வேண்டாம்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் எளிதாகத் தவறவிடப்படுகிறது. வகுப்பில் மேஜை மேல் ஏறி ஆடும் பையனை டீச்சர் கவனிப்பார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அமைதியாகக் கனவு காணும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. அவர் வேலைக்கு வந்த பிறகுதான் சிக்கல் வெளியே தெரியும்.

நடிகர் ஃபகத் ஃபாசில் 2024 மே மாதம், கேரளாவின் கோதமங்கலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில், 41 வயதில் தனக்கு ஏ.டி.ஹெச்.டி இருப்பது கண்டறியப்பட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். ‘விக்ரம்’, ‘மாமன்னன்’ படங்களில் நாம் பார்த்து மிரண்ட அதே மனிதர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸின் மருத்துவத் தகவல்களை அதே ஆண்டு ஹேக்கர்கள் கசியவிட்டார்கள். ‘எனக்கு ஏ.டி.ஹெச்.டி இருக்கிறது, சிறு வயதிலிருந்தே மருந்து எடுக்கிறேன், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை’ என்ற பொருளில் அவர் பதில் சொன்னார்.

உடனே, ‘அப்போ இது இருந்தா எல்லாரும் ஜீனியஸ்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஏ.டி.ஹெச்.டி ஒரு சூப்பர் பவரும் இல்லை, சாபமும் இல்லை. அது இருப்பவர்களில் திறமைசாலிகளும் உண்டு, சராசரி ஆட்களும் உண்டு, நம்மைப் போலவே.

அவர் தலைக்குள் என்னதான் நடக்கிறது?

‘கவனக்குறைவு’ என்ற சொல்லே கொஞ்சம் தவறான அர்த்தம் தருகிறது. அவரிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை எங்கே திருப்புவது, எப்போது நிறுத்துவது என்ற கன்ட்ரோல்தான் கைக்கு வருவதில்லை. வேலையிடத்தில் இது நான்கு விதமாகத் தெரியும்.

*தற்காலிக நினைவு:* நீங்கள் மாடிப்படியில் போகிறபோக்கில் சொன்ன மூன்று வேலைகளில், கீழே இறங்குவதற்குள் இரண்டு காணாமல் போயிருக்கும். உங்கள் பேச்சை அவர் மதிக்காததால் இல்லை. தகவலைச் சில நிமிடங்கள் பிடித்துவைக்கும் இடம் அவருக்குச் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது.

*நேர உணர்வு:* பலருக்கு நேரம் இரண்டே வகைதான். ‘இப்போ’, ‘இப்போ இல்லை’. அடுத்த வாரம் முடிக்க வேண்டிய வேலை ‘இப்போ இல்லை’ பட்டியலில் கிடக்கும். கெடுவுக்கு முந்தைய ராத்திரி திடீரென்று ‘இப்போ’ பட்டியலுக்குத் தாவும்.

*ஆர்வம்:* சலிப்பான வேலையைத் தொடங்குவதே மலை ஏறுவது மாதிரி இருக்கும். பிடித்த வேலை என்றால் சாப்பாடு, தூக்கம் எல்லாம் மறந்து மூழ்கிவிடுவார். ‘பிடிச்ச வேலைன்னா மட்டும் செய்வான்’ என்ற குற்றச்சாட்டு வருவது இங்கேதான். வெளியிலிருந்து பார்த்தால் திமிர் மாதிரி தெரியும். மூளை ஊக்கத்தைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு அது.

*உணர்ச்சி:* சின்னத் திட்டுகூட நாள் முழுக்க வலிக்கும். பள்ளிக்கூடத்திலிருந்தே ‘ஏன்டா இப்படி இருக்க?’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். உங்கள் ஒரு வரி, அந்தப் பழைய குரல்களோடு சேர்ந்துதான் காதில் விழும்.

கோடை மலை சொல்லித்தரும் பாடம்

கொடைக்கானலுக்குப் போனவர்கள் ஏரியையும் கோக்கர்ஸ் வாக்கையும் குணா குகையையும் பார்த்திருப்பீர்கள். சூரிய ஆய்வகத்துக்குப் போயிருக்கிறீர்களா? கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,343 மீட்டர் உயரத்தில், 1899-ல் நிறுவப்பட்டது. 1901-ல் ஆய்வுப் பணிகள் தொடங்கின. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். இன்றும் அது ‘எவர்ஷெட் விளைவு’ என்றே அழைக்கப்படுகிறது.

அந்த ஆய்வகத்தின் இன்னொரு சொத்து, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வானம் தெளிவாக இருந்த நாள்களில் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள். ஆரம்பத்தில் கண்ணாடித் தகடு, பிறகு ஃபிலிம், இப்போது டிஜிட்டல். பழைய தகடுகளை ஸ்கேன் செய்து இன்றைய விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள்.

தலைமுறை தலைமுறையாக ஆள்கள் மாறியும் இது எப்படி நடந்தது? ஒருவருடைய ஞாபக சக்தியை நம்பி நடக்கவில்லை. என்ன எடுக்க வேண்டும், எதில் எடுக்க வேண்டும், தேதி, நேரத்தோடு எப்படிக் குறிக்க வேண்டும் என்ற முறை இருந்தது. இன்று வந்தவர் விட்ட இடத்தை, நாளை வருபவர் பதிவைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம்.

உங்கள் டீமுக்கும் இதுதான் பாடம். ‘ஞாபகம் வெச்சுக்கோ’ என்பது அறிவுரை. ‘இந்த போர்டுல எழுது’ என்பது முறை. ஏ.டி.ஹெச்.டி உள்ளவருக்கு அறிவுரை ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்துவிட்டது. தேவை, முறை.

டீமில் இன்றே தொடங்கக்கூடிய 7 பழக்கங்கள்

1. வாயால் சொன்னதை எழுத்திலும் கொடுங்கள். வேலையைப் பேசி முடித்ததும் இரண்டே வரியில் மெசேஜ். என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், முடிந்ததும் யாரிடம் சொல்ல வேண்டும். மூன்று நிமிட வாய்ஸ் நோட் வேண்டாம். அதில் முக்கியமான விஷயம் இரண்டாவது நிமிடத்தில் ஒளிந்திருக்கும். மலையில் நெட்வொர்க் வேறு வந்து வந்து போகும். அதனால் ஹோம் ஸ்டே மாதிரி இடங்களில் சுவரில் ஒரு வெள்ளைப் பலகையே பெஸ்ட். அறை எண், கெஸ்ட் பெயர், வரும் நேரம், சைவமா அசைவமா என எல்லாம் கண் முன்னால் இருக்கட்டும். புக்கிங் போன் வந்தால், போனை வைப்பதற்கு முன்பே பலகையில் எழுதுவது என்பது எல்லாருக்குமான விதியாக இருக்கட்டும்.

2. பெரிய வேலையை உடைத்துக் கொடுங்கள். ‘சீசனுக்கு எல்லாம் ரெடி பண்ணிடு’ என்பது வேலை இல்லை, பயம். ‘இன்னிக்கு மதியத்துக்குள்ள ஆறு ரூமிலும் கீசர் வேலை செய்யுதான்னு பாரு’ என்பதுதான் வேலை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நேரம், முடித்ததும் ஒரு டிக். அந்த டிக் போடுவதில் கிடைக்கும் சின்ன சந்தோஷம்தான் அடுத்த வேலைக்குப் பெட்ரோல்.

3. பொய் கெடு வேண்டாம், நடுக் கெடு வையுங்கள். ‘வெள்ளிக்கிழமை வேணும்னா புதன்னு சொல்லிடுவேன்’ என்பது சிலரின் டெக்னிக். ஒரு தடவை பிடிபட்டால், பிறகு உங்கள் எந்தத் தேதியையும் அவர் நம்ப மாட்டார். அதற்குப் பதில், வெள்ளிக்கிழமைதான் கெடு, செவ்வாய்க்கிழமை அரைகுறையாக இருந்தாலும் ஒரு தடவை காட்ட வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

4. மூழ்கியிருக்கும்போது தட்டி எழுப்பாதீர்கள். வேலைக்கு நடுவே ‘ஒரு நிமிஷம்’ என்று கூப்பிட்டால் உங்களுக்கு ஒரு நிமிடம்தான். அவர் பழைய இடத்துக்குத் திரும்ப அரை மணி நேரம்கூட ஆகலாம். ஹெட்போன் போட்டிருந்தால் கூப்பிடக் கூடாது, அவசரம் என்றால் மட்டும் போன் என்று டீமில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். நடமாட்டம் அதிகம் உள்ள வாசல் பக்கத்து சீட்டை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

5. பக்கத்தில் உட்காருங்கள். பில் போடுவது, கணக்கு எழுதுவது மாதிரி சலிப்பான வேலைகளைத் தனியாகத் தொடங்க முடியாமல் தவிப்பவர்கள், பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தாலே சுலபமாகத் தொடங்கிவிடுவது உண்டு. மேற்பார்வை பார்க்க வேண்டாம். நீங்கள் உங்கள் லேப்டாப், அவர் அவருடைய நோட்டு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வீடியோ காலில் மைக்கை அணைத்துவிட்டு இதைச் செய்யலாம்.

6. மீட்டிங்கைச் சுருக்குங்கள். என்ன பேசப் போகிறோம் என்று முன்பே அனுப்புங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் போனால் இடைவெளி விடுங்கள். அவர் பேனாவை உருட்டினாலோ, எழுந்து நின்று கேட்டாலோ தப்பாக எடுக்காதீர்கள். பலருக்குக் கை அசைந்தால்தான் காது கேட்கும். குறுக்கே பேசினால், “அந்த பாயின்ட்டை எழுதி வெச்சுக்கோ, இவர் முடிச்சதும் உன்கிட்ட வர்றேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி அவரிடம் வரவும் வேண்டும்.

7. ஃபீட்பேக்கை உடனே, தனியாகக் கொடுங்கள். பழநி மலைத்தொடரில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். 2018-ல் பூத்தது, அடுத்து 2030. உங்கள் ஃபீட்பேக் அப்படிப் பூக்கக் கூடாது! வருஷக் கடைசி அப்ரைசலில் பத்துத் தப்புகளை மொத்தமாகக் கொட்டினால் பயனில்லை. தப்பு நடந்த அன்றே, நாலு பேர் முன்னால் இல்லாமல், நடந்ததை மட்டும் சொல்லுங்கள். “நீ எப்பவுமே இப்படித்தான்” என்பதற்குப் பதில், “நேத்து ரெண்டு ஃபேமிலிக்கு ஒரே ரூம் போயிடுச்சு. அடுத்த தடவை நடக்காம இருக்க என்ன பண்ணலாம்?” இந்த இரண்டாவது வாக்கியத்துக்குத்தான் பதில் கிடைக்கும்.

இந்த ஏழில் எதற்கும் மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். ஏ.டி.ஹெச்.டி இல்லாதவர்களுக்கும் இவை நல்லதுதான். அதனால் ‘இவருக்காக மட்டும்’ என்று தனியாக அறிவிக்காமல் டீம் முழுக்கவே கொண்டுவரலாம்.

இதையெல்லாம் தயவுசெய்து செய்யாதீர்கள்

*நீங்களே டாக்டர் ஆகாதீர்கள்.* ரீல்ஸ் பார்த்துவிட்டு ‘உனக்கு ஏ.டி.ஹெச்.டி-னு நினைக்கிறேன்’ என்று சொல்வது உதவி இல்லை. பெரியவர்களுக்கு இதைக் கண்டறிய, குறைந்தது ஐந்து அறிகுறிகள் ஆறு மாதங்களுக்கு மேல் இருக்க வேண்டும். அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பாதிப்பு இருக்க வேண்டும். தூக்கமின்மை, மனச்சோர்வு, பதற்றம், தைராய்டு பிரச்னை எல்லாம்கூட இதே மாதிரி தோன்றலாம். பிரித்துப் பார்ப்பது மனநல மருத்துவரின் வேலை.

*அவர் சொன்ன ரகசியத்தைக் கடத்தாதீர்கள்.* உங்களை நம்பிச் சொல்லியிருந்தால் அது உங்களோடு நிற்கட்டும். மேனேஜரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு.

*ஜோக் அடிக்காதீர்கள்.* சாவியை வைத்த இடம் மறந்ததற்கெல்லாம் ‘எனக்கும் ஏ.டி.ஹெச்.டி-பா’ என்று சிரிப்பது, தினமும் அதோடு போராடுபவருக்கு வலிக்கும்.

*‘மாத்திரை போட்டியா?’ என்று கேட்காதீர்கள். அவர் மாத்திரையைக் கேட்கவும் கேட்காதீர்கள்.* இதற்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. ராத்திரி கண் விழித்து வேலை பார்க்க ஒன்று வாங்கிப் போடுவது உடலுக்கும் ஆபத்து, சட்டப்படியும் சிக்கல்.

‘எல்லாம் சரி... என் கஷ்டத்தை யார் பார்ப்பா?’

நியாயமான கேள்வி. அவர் மறந்த புக்கிங்குக்காக கெஸ்ட்டிடம் திட்டு வாங்கியது நீங்கள். அவர் முடிக்காத வேலையை ராத்திரி உட்கார்ந்து முடித்ததும் நீங்கள். புரிந்துகொள்வது என்றால் எல்லாவற்றையும் சுமப்பது என்று அர்த்தம் இல்லை. சத்தம் போடாமல் மற்றவர் வேலையை மாதக்கணக்கில் தூக்கிச் சுமப்பவர்கள்தான், ஒருநாள் வெடித்து உறவையே முறித்துக்கொள்கிறார்கள்.

கோட்டைத் தெளிவாகப் போடுங்கள். ஏ.டி.ஹெச்.டி ஒரு காரணம், ஆனால் பொறுப்பிலிருந்து விடுப்பு இல்லை. தப்பு நடந்தால் அதைச் சரிசெய்யும் வேலை அவருடையது. தப்பு திரும்ப நடக்காத மாதிரி முறையை அமைப்பது டீமின் வேலை. வேலைகளை மாற்றிப் பிரித்துப் பார்ப்பதும் நல்லது. கணக்கு நோட்டு உங்களிடம், கெஸ்ட்டை வரவேற்பதும் ட்ரெக்கிங் கூட்டிப்போவதும் அவரிடம். ஆனால், எல்லாச் சலிப்பான வேலையும் ஒரே ஆள் தலையில், பெரும்பாலும் டீமில் இருக்கும் பெண் தலையில், விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட வேலைகளில், அதாவது ஜீப் பிரேக், கேஸ் சிலிண்டர், ட்ரெக்கிங் போனவர்களின் தலை எண்ணிக்கை போன்றவற்றில், யாராக இருந்தாலும் இரண்டு பேர் சரிபார்ப்பது என்று வைத்துவிடுங்கள்.

படித்துக்கொண்டிருக்கும் நீங்களே ‘அந்த ஒருவர்’ என்றால்?

மேலே சொன்னதெல்லாம் உங்கள் வாழ்க்கைக் கதை மாதிரியே இருக்கிறதா? முதலில் உங்களைத் திட்டுவதை நிறுத்துங்கள். அடுத்தது, ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்து, நடத்தை சார்ந்த சிகிச்சை, பழக்க மாற்றம் என வழிகள் உண்டு.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி-மானஸ்’ மனநல உதவி எண் இது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். மலையை விட்டு இறங்காமலே முதல் ஆலோசனை கிடைக்கும். நேரில் பார்க்க வேண்டும் என்றால், கொடைக்கானல்வாசிகள் பலர் எப்படியும் சிகிச்சைக்குப் போகும் மதுரையில், அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏ.டி.ஹெச்.டி தனிப்பெயராக இல்லை. அதனால் ‘எனக்கு இந்த வசதி வேண்டும்’ என்று சட்டத்தைக் காட்டிக் கேட்பது பலருக்குச் சுலபம் இல்லை. அமைதியான சீட்டோ, எழுத்தில் ஒரு மெசேஜோ, கூட இருப்பவர்கள் மனசு வைத்தால்தான் கிடைக்கும் என்பதே இன்றைய நிலைமை. உங்கள் மேனேஜரிடம் கேட்கும்போது நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. “எனக்கு வேலையை எழுத்துல கொடுத்தீங்கன்னா கரெக்டா முடிச்சுடுவேன்” என்று தேவையை மட்டும் சொன்னாலே போதும்.

முதல் வரியில் பார்த்த அந்த ஹோம் ஸ்டே ஓனருக்கு ஒரு யோசனை. அவரை அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுப்பதற்கு முன்னால், சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டுங்கள். ஒரு மாதம் எல்லாரும் அதில் எழுதட்டும். அதற்குப் பிறகும் அறை மாறிப் போனால் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மாறிப் போகவில்லை என்றால், பனிமூட்டத்தில் ராத்திரி பதினோரு மணிக்குப் பெருமாள்மலைக்கு ஜீப் எடுத்துப்போகும் ஆளை நீங்கள் இழக்கவில்லை. பலகையின் விலை, புது ஆளைத் தேடிப் பழக்கும் செலவைவிட நிச்சயம் குறைவுதான்.